கேப் டவுன் திராட்சைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரலாற்று வழித்துணை



என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வரும் பிப்ரவரியில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு தென்னாப்பிரிக்கா போகிறார். கேப் டவுனைச் சுற்றியுள்ள ஒயின் தோட்டப் பகுதியில் நான்கு நாள் தங்கல். டூர் கம்பெனி கொடுத்த திட்டத்தை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, "சார், வரலாறு சம்பந்தமாகப் பார்க்க வேண்டியது ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். திட்டத்தைப் படித்தேன். பழைய டச்சு மாளிகைகள், பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய பள்ளத்தாக்கு, ஒயின் சுவைத்தல், மலைக் காட்சி எல்லாம் இருந்தன. அந்தத் தோட்டங்களை உண்டாக்கிய கைகளைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அந்தக் கைகளில் நம் கரையிலிருந்து போன கைகளும் உண்டு. அவருக்குத் தனியாக எழுதுவதைவிட எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

தென்னாப்பிரிக்கத் தமிழர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1860. அந்த ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் இறங்கினார்கள். பிறகு காந்தி, சத்தியாகிரகம், தில்லையாடி வள்ளியம்மை. இதெல்லாம் வகுப்பில் படித்ததுதான். ஆனால் அது நாட்டின் கிழக்குப் பக்கமான நேட்டாலின் கதை. தென்மேற்கு முனையான கேப் பகுதிக்கு நம் கரை மக்கள் அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார்கள். கூலிகளாக அல்ல, அடிமைகளாக.

ஒயின் எதற்காக வந்தது?

1652 ஏப்ரல் 6. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி யான் வான் ரீபேக் கேப் கரையில் இறங்கினார். நாடு பிடிப்பது அப்போது நோக்கமாக இல்லை. ஹாலந்திலிருந்து ஆசியாவுக்குப் போகும் கப்பல்கள் பல மாதம் கடலில் கிடந்தன. மாலுமிகள் ஸ்கர்வி நோயில் செத்துக்கொண்டிருந்தார்கள். பாதி வழியில் காய்கறியும் இறைச்சியும் நல்ல தண்ணீரும் ஏற்றிக்கொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. பீப்பாய்த் தண்ணீர் சில வாரங்களில் கெட்டுப்போகும், ஒயின் அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஆகவே 1655-இல் திராட்சைக் கொடிகளை வரவழைத்து நட்டார்கள். 1659 பிப்ரவரி 2-ஆம் தேதி கேப் திராட்சையிலிருந்து முதல் ஒயின் பிழிந்ததை ரீபேக் தன் நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். ஒரு நாட்டின் ஒயின் தொழிலுக்குப் பிறந்த தேதியே இருப்பது அபூர்வம். இன்றும் அந்தப் பகுதியினர் இதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

அதே 1659-இல் இன்னொன்றும் நடந்தது. அந்த மண்ணின் ஆதிகுடிகளான கோய்கோய் மக்களுக்கும் டச்சுக்காரர்களுக்கும் முதல் போர் மூண்டது. ஆடுமாடு மேய்த்து வாழ்ந்தவர்கள் அவர்கள். 1657 முதல் கம்பெனி தன் ஆட்களுக்கு ஆற்றோர நிலங்களைப் பட்டா போட்டுக் கொடுக்கத் தொடங்கியதும் மேய்ச்சல் நிலம் பறிபோனது. 1660-இல் சமாதானம் பேச வந்தபோது, நாங்கள் ஹாலந்துக்கு வந்து இப்படி நடந்துகொண்டால் விடுவீர்களா என்ற பொருளில் அவர்கள் கேட்டார்கள். இந்தக் கேள்வியையும் எழுதி வைத்தவர் அதே ரீபேக்தான். நிலத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர்கள் உள்ளே வராமலிருக்கக் காட்டு வாதுமை மரங்களால் ஒரு வேலி போட்டார். அந்த வேலியின் மிச்சம் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நம் கரையிலிருந்து போனவர்கள்

கோய்கோய் மக்களை அடிமைப்படுத்தக் கூடாது என்பது கம்பெனியின் விதி. கருணையால் வந்த விதி அல்ல, அவர்களிடம் மாடு வாங்க வேண்டியிருந்தது. தோட்ட வேலைக்கு ஆள் வேண்டுமே? 1658-இல் அங்கோலா, மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து இரண்டு கப்பல் நிறைய அடிமைகள் வந்து இறங்கினார்கள். அதன் பிறகு மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், இலங்கை, வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை என்று கம்பெனிக் கப்பல் போன இடமெல்லாம் ஆள் பிடிக்கும் இடமாயிற்று. 1652 முதல் 1807 வரை கேப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஏறக்குறைய 63,000 பேர் என்றும், அவர்களில் கால்வாசிப் பேர் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

நம் பக்கம் என்ன நடந்தது? டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613-லேயே கோட்டை கட்டிவிட்டார்கள். 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1690-இல் சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுவே அவர்களின் தலைமையிடமாயிற்று. நாகையைப் பிடித்த மறு ஆண்டே பிஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாயக்கர் சீமையைச் சூறையாடின. பஞ்சம் வந்தது. 1659 முதல் 1661 வரையிலான அந்த மூன்றாண்டுகளில் மட்டும் 8,000 முதல் 10,000 பேர் வரை நம் கரையில் விலைக்கு வாங்கப்பட்டு இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. அந்த இடங்களிலிருந்து ஊர் திரும்பிய கம்பெனி அதிகாரிகளும் மாலுமிகளும் தங்கள் அடிமைகளைக் கேப்பில் இறக்கி நல்ல விலைக்கு விற்றார்கள்.

வாங்கியவர்கள் டச்சுக்காரர்கள். விற்றவர்கள்? பஞ்சத்தில் வேறு வழியில்லாமல் பிள்ளையை விற்ற பெற்றோரும் உண்டு. ஆள் பிடித்து விற்ற உள்ளூர்த் தரகர்களும் உண்டு. வெள்ளைக்காரன் மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நாம் கை கழுவிவிட முடியாது.

கேப் ஆவணங்களில் இந்த மனிதர்களுக்குத் தகப்பன் பெயர் இல்லை, ஊர்ப் பெயர்தான் இருக்கிறது. 'வான் பெங்காலன்' என்றால் வங்காளத்தவர். 'வான் மலபார்', 'வான் சிலோன்' என்பவை உங்களுக்கே புரியும். 'வான் டி கஸ்ட்' என்றால் கரையிலிருந்து வந்தவர். கம்பெனிப் பேச்சில் வெறுமனே 'கரை' என்றால் பெரும்பாலும் சோழமண்டலக் கரைதான். அப்படி எழுதப்பட்ட எல்லோரும் தமிழர் என்று நான் சொல்ல மாட்டேன். மசூலிப்பட்டினத்துத் தெலுங்கரும் அதில் இருப்பார்கள். ஆனால் நாகையிலும் பழவேற்காட்டிலும் கப்பல் ஏறியவர்களில் தமிழ் பேசியவர்கள் பலர் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை.

முதல் பெயரும் அவர்களுடையது அல்ல. எஜமானன் வைத்தது. குபிடோ, டைட்டஸ், சிப்பியோ என்று ரோமானியப் பெயர்கள். அதுவும் அலுத்துப்போனால் மாதப் பெயர்கள்: ஜனவரி, பிப்ரவரி, செப்டம்பர். இன்றும் கேப் டவுனில் செப்டம்பர், பிப்ரவரி என்ற குடும்பப் பெயர்கள் சாதாரணம். நிறவெறியை எதிர்த்துப் போராடி 1988-இல் பாரிஸில் சுட்டுக் கொல்லப்பட்ட அம்மையாரின் பெயர் டல்சி செப்டம்பர். அந்த ஊரில் இப்படி ஒரு பெயரைக் கேட்டால், பிள்ளைகளே, சிரித்துவிடாதீர்கள்.

மாளிகைகளின் கதை

இனி தோட்டங்களுக்கு வருவோம். 1679-இல் கேப்பின் தலைவராக வந்தவர் சைமன் வான் டெர் ஸ்டெல். ஸ்டெல்லன்போஷ் நகரம் அவர் பெயரால் அமைந்தது. 1685-இல் அவருக்குக் கிடைத்த நிலம்தான் கான்ஸ்டான்ஷியா. அங்கே விளைந்த இனிப்பு ஒயின் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அரண்மனைகளில் புகழ் பெற்றது. செயின்ட் ஹெலினா தீவில் சிறைப்பட்டிருந்த நெப்போலியனுக்கும் அங்கிருந்துதான் போனது. ஜேன் ஆஸ்டின் தம் நாவலில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

இந்த சைமன் வான் டெர் ஸ்டெல் பிறந்தது 1639-இல், மொரீஷியஸ் போகும் வழியில் கப்பலில். தந்தை கம்பெனி அதிகாரி, 1646-இல் இலங்கையில் கொல்லப்பட்டார். தாய்வழிப் பாட்டி இந்தியக் கரையைச் சேர்ந்த மோனிகா என்ற அடிமைப் பெண். தென்னாப்பிரிக்க ஒயினின் தந்தை என்று கொண்டாடப்படுபவரின் உடலில் நம் நாட்டு ரத்தமும் ஓடியது. நிறவெறிச் சட்டங்களின் கண்ணால் பார்த்தால் அவரே 'கலப்பினத்தவர்' பட்டியலில் சேர்ந்திருக்கக் கூடியவர். ஆனாலும் அவருடைய தோட்டத்திலும் அடிமைகள்தான் வேலை செய்தார்கள். அடிமைப் பாட்டியின் பேரன் அடிமைகளை வைத்திருந்தான். ரத்தம் ஒன்றாக இருப்பதால் மட்டும் நியாயம் பிறந்துவிடாது.

அவருடைய மகன் வில்லெம் அட்ரியான் 1700-இல் வெர்கெலெகன் என்ற பெருந்தோட்டத்தை உண்டாக்கினார். அவர் காலத்தில் நட்ட கற்பூர மரங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று மற்றக் குடியேறிகள் புகார் எழுதி, 1707-இல் கம்பெனி அவரைப் பதவி நீக்கித் திரும்ப அழைத்துக்கொண்டது. இந்தத் தோட்டத்தில் அடிமைகள் தங்கியிருந்த கட்டடத்தின் அடித்தளத்தைப் பின்னாளில் தோண்டியபோது, தரைக்கடியில் சவப்பெட்டியில் வைத்துப் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. எலும்புகளை ஆராய்ந்தவர்கள், அவர் கேப்பில் பிறந்தவரல்லர், சிறுவயதில் வேறொரு வெப்ப நாட்டில் வளர்ந்தவர் என்று கண்டார்கள். எந்த நாடு, என்ன பெயர், யார் பெற்ற பெண் என்பதற்கு ஆவணம் இல்லை. கூட இருந்தவர்கள் அவரை மரியாதையோடு அடக்கம் செய்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

1688-இல் பிரான்சிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி ஹியூகனாட் என்ற புராட்டஸ்டன்ட் அகதிகள் வந்தார்கள். அவர்களுக்கு நிலம் கொடுத்த பள்ளத்தாக்குகளில் ஒன்றுதான் ஃபிரான்ஷ்ஹூக், 'பிரெஞ்சு மூலை'. கைப்பிடியளவே இருந்த அவர்களுக்கு அங்கே பெரிய நினைவுச் சின்னமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. அகதிகளை நினைவுகூர்வது நல்லதுதான். ஆனால் அந்த அகதிகளின் கொடிகளுக்கு மண் வெட்டியவர்களுக்குச் சின்னம் வர இன்னும் 300 ஆண்டுகள் ஆயின.

விடுதலையும் 'டோப்' கிண்ணமும்

பிரிட்டிஷார் கேப்பைக் கைப்பற்றிய பிறகு 1807-இல் அடிமை வணிகம் தடை செய்யப்பட்டது. 1834 டிசம்பர் 1-இல் அடிமைமுறை ஒழிந்தது. ஆனாலும் 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் இன்னும் நான்கு ஆண்டுகள் எஜமானரிடமே இருக்க வேண்டும் என்றார்கள். உண்மையான விடுதலை 1838 டிசம்பர் 1-இல்தான். பேரரசு முழுவதும் அடிமை வைத்திருந்தவர்களுக்கு நட்ட ஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை.

நிலமில்லாதவன் எங்கே போவான்? பலர் அதே தோட்டங்களில் கூலியாட்களானார்கள். அங்கே 'டோப்' என்றொரு வழக்கம் இருந்தது. கூலியில் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகக் கொடுப்பார்கள், நாளுக்குப் பல தடவை, கிண்ணம் கிண்ணமாக. குடிக்கு அடிமையானவன் தோட்டத்தை விட்டு ஓட மாட்டான். சங்கிலிக்குப் பதில் கிண்ணம். 1960-களில் சட்டம் தடை செய்த பிறகும் 1990-கள் வரை பல தோட்டங்களில் இது தொடர்ந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகில் மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் ஒன்று இந்த அழகான திராட்சைப் பள்ளத்தாக்குதான். குடியால் குடும்பங்கள் அழிவதைக் கண்ணால் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நான்கு நாள் திட்டம்

இவ்வளவும் தெரிந்துகொண்டு போனால் அதே டிக்கெட், அதே ஹோட்டல், ஆனால் வேறு பயணம். என் யோசனை இது.

முதல் நாள் கேப் டவுன் நகரத்திலேயே இருங்கள். 1679-இல் கட்டிய 'அடிமைகள் விடுதி' இப்போது அருங்காட்சியகம். கம்பெனியின் சொந்த அடிமைகளை அடைத்து வைத்த இடம். பக்கத்திலுள்ள சர்ச் சதுக்கத்தில் 11 கருங்கல் பாளங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் அடிமைகளின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் காலையில் கிர்ஸ்டன்போஷ் பூங்காவில் அந்த வாதுமை வேலி. பிறகு க்ரூட் கான்ஸ்டான்ஷியா மாளிகை. 1925-இல் தீயில் எரிந்து, மீண்டும் பழையபடி கட்டப்பட்டது. அருகே க்ளைன் கான்ஸ்டான்ஷியா தோட்டத்து வாசலில் ஒரு தர்கா உண்டு. டச்சுக்காரர்களால் சுமத்ராவிலிருந்து நாடு கடத்தப்பட்ட ஓர் இஸ்லாமியப் பெரியவரின் அடக்கத்தலம். திராட்சைத் தோட்ட வாசலில் ஒரு தர்கா, இதைவிட அந்த ஊரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் வெர்கெலெகன், மாலையில் ஸ்டெல்லன்போஷ். கேப் டவுனிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். வெள்ளைச் சுவரும் வளைந்த முகப்பும் கொண்ட பழைய வீடுகளைப் பார்க்கும்போது, அவற்றில் அடிமைக் கொத்தனார், தச்சர்களின் வேலையும் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காம் நாள் ஸ்டெல்லன்போஷிலிருந்து மலைக் கணவாய் வழியாக ஃபிரான்ஷ்ஹூக் போகும் சாலை. நடுவில் ப்னியல் என்ற சிற்றூர் வரும். பெரும்பாலான டூர் வண்டிகள் அங்கே நிற்பதில்லை. நீங்கள் நிறுத்தச் சொல்லுங்கள். விடுதலை பெற்ற அடிமைக் குடும்பங்களுக்காக 1843-இல் உருவான ஊர் அது. ஃபிரான்ஷ்ஹூக் பார்த்துவிட்டு பார்ல் நகரத்துக்குப் போகும் வழியில் ஒரு சிறைச்சாலை. 1990 பிப்ரவரி 11-ஆம் தேதி நெல்சன் மண்டேலா 27 ஆண்டுச் சிறைவாசம் முடிந்து நடந்து வெளியே வந்தது இந்த வாசல் வழியாகத்தான். அப்போது அதற்கு விக்டர் வெர்ஸ்டர் சிறை என்று பெயர். பிப்ரவரி அங்கே திராட்சை அறுவடைக் காலம். இப்போது வாசலில் கையை உயர்த்தியபடி அவருடைய சிலை நிற்கிறது.

பார்ல் மலைமேல் ஆஃப்ரிகான்ஸ் மொழிக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு, 1975-இல் திறந்தது. வெள்ளையர் தங்கள் மொழி என்று உரிமை கொண்டாடிய மொழி, அடிமைகளின் சமையலறையிலும் பேசிப் பேசித்தான் உருவானது. தொடக்க கால ஆஃப்ரிகான்ஸ் நூல்கள் சில அரபு எழுத்தில், கேப் முஸ்லிம்களின் மதரஸாக்களில் எழுதப்பட்டவை. அந்த மொழியில் 'கெரி' என்றால் நம் கறி. 'காட்டெல்' என்றால் கட்டில். கடல் தாண்டிக் கைமாறிப் போயும் நம் சொற்கள் அங்கே சோறும் படுக்கையுமாக இருக்கின்றன.

சில நடைமுறைக் குறிப்புகள். அங்கே பருவம் நமக்குத் தலைகீழ். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை அறுவடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிரும் மழையும். பிப்ரவரி வெயில் கடுமை, பிள்ளைகளுக்குத் தொப்பி அவசியம். நான் ஒயினை வாயில் வைத்தவனல்லன், அதனால் எது நல்லது என்று சொல்லத் தகுதி இல்லை. சுவைப்பவர்கள் காரோட்ட வேண்டாம், ஓட்டுநரை அமர்த்திக்கொள்ளுங்கள். குடிக்காதவர்களும் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே வேலை செய்த அடிமைகள் எங்கே தங்கியிருந்தார்கள்?" பதில் சொல்லும் தோட்டங்களும் உண்டு, மழுப்பும் தோட்டங்களும் உண்டு. கேட்பவர்கள் கூடக் கூட மழுப்பல் குறையும்.

கடைசியாக ஒன்று. ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் விட்டதைப் பற்றி வாரம் பத்து ஃபார்வர்டு எனக்கு வருகிறது. பெருமைதான், மறுக்கவில்லை. சோழர் காலத்தில் பெரிய துறைமுகமாக விளங்கிய அதே நாகப்பட்டினத்திலிருந்துதான் பசித்த பிள்ளைகளும் கப்பல் ஏற்றப்பட்டார்கள். நாம் ஓட்டிய கப்பல்கள் மட்டுமல்ல, நம்மை ஏற்றிப்போன கப்பல்களும் நம் வரலாறு. வென்றவனைப் பேச ஆள் ஏராளம். பெயரையும் இழந்து போனவர்களை, குறைந்தது அவர்கள் உழைத்த மண்ணில் நின்று ஒரு நிமிடம் நினைப்பதற்காவது நாம் இருக்க வேண்டாமா?

கேப் டவுன் பக்கம் வேலையிலோ படிப்பிலோ இருக்கும் நம் மாணவர்கள், இந்த இடங்களைப் பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள். போகிறவர்களுக்கு உதவும். நாகை, பழவேற்காடு பக்கத்து உறவுகள் டச்சுக் கல்லறைகளின் படங்கள் வைத்திருந்தால் பகிருங்கள். அடுத்த பதிவு அதைப் பற்றி.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்